ஆன்லைன் பயிற்சியால் வகுப்பறை மாறுமா? பெங்களூரு ஆசிரியர்கள் விவாதம்

அல்சூர் தமிழாசிரியை: ஆசிரியர்களுக்கான மத்திய அரசுப் பயிற்சித் திட்டமான நிஷ்டா 2019ல நேரடிப் பயிற்சியா ஆரம்பிச்சு, 2020 அக்டோபர்ல தீக்‌ஷா என்கிற அரசு ஆன்லைன் பாடத் தளத்துக்குப் போச்சு. வீடியோ பாரு, வினாவுக்குப் பதில் சொல்லு, 70 சதவீதம் வந்தா சான்றிதழ். தேசியக் கல்விக் கொள்கை கேட்ட வருஷம் 50 மணி நேரப் பயிற்சிக் கணக்கு இப்படியே நிரம்பிடும். வகுப்புல என்ன மாறிச்சுன்னு யார் பார்த்தாங்க? தென்னாப்பிரிக்கத் தொடக்கப் பள்ளிகள்ல மூணு வருஷம் சோதிச்ச ஆய்வு 2022ல வெளியாச்சு. பயிற்றுநர் நேர்ல வந்த பள்ளிகள்ல ஆங்கிலப் பேச்சுத்திறன் 0.31 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்குன்னு சொல்ற அளவு) கூடிச்சு, பயிற்றுநர் ஆன்லைன்ல வழிகாட்டின பள்ளிகள்ல 0.12தான். வாசிப்புல நேர்ல 0.13, ஆன்லைன்ல பலனே இல்ல. அதைவிட, ஆன்லைன் குழுவுல தாய்மொழி எழுத்தறிவு சரிஞ்சிருக்கு. தமிழ் வகுப்பு எடுக்கிற நமக்கு இது சின்ன விஷயமா?

பானஸ்வாடி கணிதம்: மேடம், நிஷ்டாவுல வழிகாட்டியே கிடையாது. பயிற்றுநர் இருந்த இந்த ஆய்வு அதைக் குறை சொல்ல உதவாது. 2011ல சயன்ஸ் இதழ்ல வந்த அமெரிக்க வர்ஜீனியா ஆய்வைப் பாருங்க, 78 ஆசிரியர்கள். தன் வகுப்பை வீடியோ எடுத்து அனுப்பணும். வழிகாட்டி சின்னத் துண்டுகளா வெட்டி, கேள்வியோட திருப்பி அனுப்புவார். அப்புறம் போன்ல பேசுவாங்க. பயிலரங்குகள் தவிர எல்லாமே தூரத்துல இருந்துதான். அடுத்த வருஷம் மாணவர் மதிப்பெண் 0.22 திட்ட விலக்கம் கூடிச்சு.

அல்சூர் தமிழாசிரியை: 78 பேருக்கு முடியும் சார். வழிகாட்டல் பத்தின 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 தொகுப்பாய்வுல, 100 ஆசிரியருக்குக் கீழே இருந்தா மதிப்பெண் பலன் 0.28, மேலே போனா 0.10. இங்க சிஆர்பி, அதாவது பள்ளித் தொகுப்புக்கான வளநபர், தலையில ஏகப்பட்ட பள்ளிகள், அதுக்கு மேல புள்ளிவிவர வேலை. அவர் எத்தனை வீடியோ பார்ப்பார்?

பானஸ்வாடி கணிதம்: அதே தொகுப்பாய்வுல நேரடிக்கும் ஆன்லைனுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியலயே. முழுப் பீரியட் எதுக்கு? 10 நிமிடம், ஒரே விஷயம்: ஆசிரியர் கேள்வி கேட்டுட்டு, பதிலுக்கு 3 வினாடி காத்திருக்கிறாரா? சராசரி 1 வினாடிகூட இல்லைன்னு அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970கள்லயே அளந்து காட்டினார். இதுக்குக் குரல் பதிவே போதும். ஃபைல் சின்னது, பிள்ளைகள் முகமும் வராது. போனை மின்விசிறிக்குக் கீழ வைக்காம நடு பெஞ்சில வைங்க, இல்லன்னா பிள்ளைங்க பதில் இரைச்சல்ல போயிடும்.

அல்சூர் தமிழாசிரியை: குரல் பதிவுல கை தூக்காத பிள்ளை தெரியுமா? இரண்டு வகுப்பு ஒரே அறையில உட்கார்ந்திருக்கிற இடத்துல அந்தப் பிள்ளைதான் பிரச்சினையே. தென்னாப்பிரிக்காவுல தொழில்நுட்பம் தடையா இல்ல. ஆள் நேர்ல வந்தப்போதான் பொறுப்பும் ஆதரவும் கூடிச்சுன்னு ஆய்வு செஞ்சவங்களே எழுதியிருக்காங்க. முதல்ல சிஆர்பியோட புள்ளிவிவர வேலையை எடுத்துட்டு, அவரை வகுப்புக்கு அனுப்பட்டும்.