சியாட்டில் பனியிலும் ஹம்மிங்பேர்ட் ஊரை விட்டுப் போகவில்லையே, ஏன்?

மண்டபம்வாசி:
என் தங்கை மகள் அமெரிக்காவின் வடமேற்கில் இருக்கும் சியாட்டிலில் இருக்கிறாள். பால்கனிக் கம்பியில் பனி அப்பிக் கிடக்க, சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியில் ஒரு ஹம்மிங்பேர்ட் குடிக்கிற வீடியோ அனுப்பினாள். தலையைத் திருப்பும்போதெல்லாம் கழுத்து ரோஸ் நிறத்தில் மின்னுகிறது. அன்னா வகையாம். பக்கத்து வீட்டு அம்மாள், "நீ தீனி வைத்துத்தான் அது வலசை போகாமல் நின்றுவிட்டது, குளிரில் செத்துப்போகும்" என்று சொல்லிவிட்டாராம். குப்பியை எடுத்துவிடலாமா என்று பிள்ளை கேட்கிறாள். எங்கள் அம்மாவோ, வெறும் சர்க்கரை எதற்கு, நம்ம கருப்பட்டியைக் கரைத்து வைக்கச் சொல்லு, அனுப்புகிறேன் என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

கீழக்கரைக்காரன்:
முதலில் கருப்பட்டியை நிறுத்துங்கள் அண்ணே. அதில் இருக்கும் இரும்புச்சத்து நமக்கு நல்லது, அந்தக் குருவிக்குக் கெடுதல். வெல்லம், தேன், சிவப்புச் சாயம் எதுவும் கூடாது. வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, அவ்வளவுதான்.

நான் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வேலை பார்த்தபோது இந்த அன்னா எங்கள் குடியிருப்பிலேயே கூடு கட்டும். அங்கே டிசம்பரிலேயே ஆரம்பித்துவிடும். நெடுந்தூர வலசை இதன் குணமே இல்லை. கோடையில் பூவைத் தேடி மலை மேலே ஏறும், அப்புறம் இறங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது குஞ்சு பொரித்த இடமெல்லாம் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவின் வடபகுதியும் தெற்குக் கலிபோர்னியாவும்தான். பிறகு ஊர்கள் பெருகின, தோட்டங்கள் வந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோய் நட்ட தைல மரம் குளிர்காலத்தில் பூத்தது. இதுவும் வடக்கே ஏறியது. சியாட்டிலில் முதன்முதலில் தென்பட்டது 1964இல். இன்றைக்குக் கனடாவில் வான்கூவர் நகரத்தின் பறவையே இதுதான், 2017இல் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். தெற்கே போக மறந்த பறவை இல்லை, தெற்கிலிருந்து குடியேறிய பறவை.

வலசைக்காரன் வேறு ஆள். ரூஃபஸ் என்று செம்பழுப்பு நிறத்தில் ஒன்று. மெக்சிகோவிலிருந்து பசிபிக் கரையோரமாக அலாஸ்கா வரை போய்க் குஞ்சு பொரித்துவிட்டு, ராக்கி மலை வழியாகத் திரும்பும். ஆண்கள் ஜூலையிலேயே கிளம்பிவிடும், பூவும் பூச்சியும் கொட்டிக் கிடக்கும்போதே! பகலின் நீளமும் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமும்தான் அதைக் கிளப்புகின்றன. தீனி வைத்து வலசையை நிறுத்த முடியுமென்றால் ரூஃபஸ் அல்லவா முதலில் நின்றிருக்க வேண்டும்? அந்த அம்மாளிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

தொண்டி டீச்சர்:
அந்த அம்மாள் சொன்னதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது தம்பி. புராஜெக்ட் ஃபீடர்வாட்ச் என்று வீட்டுத் தீனிக்கு வரும் பறவைகளைப் பொதுமக்களே எண்ணிப் பதிகிறார்கள். அந்தப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், அன்னா குளிர் கூடிய ஊர்களுக்குப் பரவியதில் குப்பிகளுக்குப் பங்கு உண்டு என்று தெரிந்தது. ஆகவே பனிக்காலத்தின் நடுவில் திடீரென்று எடுத்துவிடாமல் இருப்பதே நல்லது.

ராமேஸ்வரம் பையன்:
எங்க வீட்டுச் செம்பருத்திக்கும் ஹம்மிங்பேர்ட் வருதே!

கீழக்கரைக்காரன்:
அது தேன்சிட்டு தம்பி. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. இரண்டும் தேன் குடிக்கும், அலகும் நீளம், மற்றபடி சொந்தமே இல்லை. நம்ம பனங்காட்டில் ஓலையைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிற பனை உழவாரன்தான் அதற்கு ஒன்றுவிட்ட உறவு.

மண்டபம்வாசி:
சரி, குப்பி இருக்கட்டும். ராத்திரிக் குளிரை எப்படித் தாங்குகிறது?

தொண்டி டீச்சர்:
நம்ம ஒரு ரூபாய்க் காசின் எடைதான் இருக்கும், சுமார் 4 கிராம். அதனால் கடுங்குளிர் இரவில் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு மரத்துப்போய்க் கிடக்கும். விடிந்ததும் அகோரப் பசியோடு வரும். அந்த நேரத்தில் குப்பி உறைந்து கிடக்கக் கூடாது. பிள்ளையிடம் இரவில் அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, வெளிச்சம் வருவதற்கு முன்பே வெளியே மாட்டச் சொல்லுங்கள். அடிக்கடி கழுவவும் வேண்டும், பூஞ்சை பிடித்தால் ஆபத்து.