தாத்தா வண்டிக்கு விளக்கு: ஒரு பேட்டரியில் ஒயர் இழுக்கலாமா?

மேலமாசி மெக்கானிக்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அப்பாவின் நாலு சக்கர பேட்டரி ஸ்கூட்டருக்கு 350 ரூபாயில் முன்னால் ஒரு எல்இடி, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மாட்டினாராம், சீட்டுக்குக் கீழே உள்ள இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து ஒயர் இழுத்தாராம், "அரை மணி நேர வேலை, இதற்கு எதற்கு மெக்கானிக்" என்று வேறு ஒரு நக்கல். தம்பி, அது 24 வோல்ட் வண்டி. இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் விளக்கை மாட்டினால் அது தினமும் கூடுதலாக இறங்கும். சார்ஜருக்கு அது தெரியாது, இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஏற்றும். ஒன்றுக்கு அரைவயிறு, இன்னொன்றுக்கு அஜீரணம்.

கேகே நகர் மகன்:
அந்த "ஒருவர்" நான்தான். நேராகவே திட்டலாம். இரண்டு விளக்கும் சேர்த்து 3 வாட். 12 வோல்ட்டில் கால் ஆம்பியர். அப்பா இருட்டில் ஓட்டுவது ஒரு மணி நேரம். பேட்டரி 20 ஆம்பியர்-ஹவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் 20 மணி நேரம் வரும். நூற்றுக்கு ஒன்றேகால் பங்குதான் போகிறது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

வைகைக்கரை:
ஸ்கூட்டரில் ஹெட்லைட் வராமலா விற்கிறார்கள்? 2017 ஏப்ரலிலிருந்து புது டூவீலரில் பகலிலேயே விளக்கு எரிகிறதே. பக்கச் சக்கரம் வைத்தால் மட்டும் விளக்கு எங்கே போகும்?

கேகே நகர் மகன்:
அண்ணே, அது பெட்ரோல் வண்டி. இது வயதானவர்கள் உட்கார்ந்து மெதுவாகப் போகிற நாலு சக்கர பேட்டரி வண்டி.

மேலமாசி மெக்கானிக்:
எந்த வண்டியாக இருந்தால் என்ன? ஒரு பேட்டரியில் ஒயர் இழுத்தது தப்பு. ஒன்றேகால் என்கிறார், தினமும் ஒன்றேகால் என்பதை வசதியாக மறந்துவிட்டார். ஈய பேட்டரி முழுதாக ஏறாமலே கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து செத்துப்போகும்.

சந்தேகப்பிராணி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பின்விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறதா, நின்று எரிகிறதா? மின்னினால் சட்டென்று கண்ணில் படும், சரி. ஆனால் பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரருக்கு வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க வராது. ஒன்று நின்று எரியட்டும், இன்னொன்று மின்னட்டும். அப்புறம் அந்த விளக்கு முழங்கால் உயரத்தில்தானே இருக்கும்? சீட்டின் முதுகில் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுங்கள், அதற்குப் பேட்டரியே வேண்டாம்.

மேலமாசி மெக்கானிக்:
பட்டை ஒட்டட்டும், சித்திரைத் தேர் மாதிரி தோரணமும் கட்டட்டும். ஒயரை எங்கே மாட்டினார் என்பதுதான் கேள்வி. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை இரண்டு பேட்டரிக்கும் பொதுவாக மாட்டியிருந்தால் இரண்டும் சமமாக இறங்கும். ஃபியூஸாவது போட்டாரா?

கேகே நகர் மகன்:
போட்டிருக்கிறேன்.

மேலமாசி மெக்கானிக்:
எத்தனை ஆம்பியர்?

வைகைக்கரை:
நான் கேட்பது வேறு. ஏழு மணிக்கு மேல் பெரியவர்களுக்கு வெளியே என்ன வேலை? வீட்டில் இருந்தால் விளக்கும் வேண்டாம், ஒயரும் வேண்டாம்.

தெப்பக்குளம் தாத்தா:
இட்லி சாப்பிடுகிற வேலை. மதுரையில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? எனக்கு 74 வயது, அதே மாதிரி வண்டிதான் ஓட்டுகிறேன். காமராஜர் சாலையில் வர்ணம் அடிக்காத வேகத்தடை ஒன்று இருக்கிறது, இரண்டு தடவை இடுப்பைப் பிடித்துவிட்டது. முன்விளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பேரன் தரையைப் பார்க்கத் தாழ்த்தி வைத்த பிறகுதான் பள்ளமே தெரிகிறது. எதிரே ஹை பீமில் வருகிற பையன்களுக்கு மட்டும் மருந்து இல்லை.

வைகைக்கரை:
ஐயா, உங்களைச் சொல்லவில்லை.

தெப்பக்குளம் தாத்தா:
வேறு யாரைச் சொன்னீர்கள்?

மேலமாசி மெக்கானிக்:
ஐயா, உங்கள் பேரன் ஒயரை எங்கிருந்து எடுத்தார்?

தெப்பக்குளம் தாத்தா:
எனக்கெப்படித் தெரியும்? எரிகிறது.

கேகே நகர் மகன்:
பார்த்தீர்களா. எல்லோரும் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள். போன வருடம் இன்வெர்ட்டர் பஞ்சாயத்திலும் இவர்தான் நாட்டாமை. இவர் சொன்ன பேட்டரியை வாங்கி எட்டே மாதத்தில் தூக்கிப் போட்டவன் நான்.

மேலமாசி மெக்கானிக்:
தண்ணீர் ஊற்றாமல் வைத்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லையே! அதையும் எழுதுங்கள்.

சந்தேகப்பிராணி:
ஒளிர்பட்டைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கேகே நகர் மகன்:
அப்பா இப்போதுதான் கிளம்பினார். முன்னாலும் பின்னாலும் பளிச்சென்று எரிகிறது. படம் வேண்டுமானால் போடுகிறேன்.

மேலமாசி மெக்கானிக்:
இன்றைக்கு எரியும், யார் இல்லை என்றது? ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று கேட்டு ஒரு மணி நேரம் ஆகிறது. அது போகட்டும், எந்தப் பேட்டரியில் இழுத்தீர்கள், இடதா வலதா?