சிரைப்புண்ணுக்கு ‘இறுக்கக் கட்டு’ வேண்டாமே

வணக்கம் ஐயா,

சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாயில்) ரத்தம் தேங்கிக் காலில் வரும் புண்ணுக்குச் சுற்றும் ‘கம்ப்ரஷன் பேண்டேஜ்’ என்பதற்கு ‘இறுக்கக் கட்டு’ என்று எழுதியிருந்தீர்கள். எளிய சொல்தான். ஆனால் கடலூரில் பல வருடமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள் என்பதால் எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்கள் பக்கம் இறுக்கிக் கட்டுவது என்றால் பாம்புக்கடிக்குக் கயிறு கட்டுவதுதான் (அதுவே தப்பு, அது வேறு கதை). மஞ்சக்குப்பத்தில் ஒரு பரோட்டா மாஸ்டர், நாள் முழுக்கக் கல் முன்னால் நிற்பவர். கணுக்காலுக்கு மேல் ஆறாத புண். கட்டு அவிழ்ந்ததும் வீட்டிலேயே முட்டிக்குக் கீழே இறுக்கி, கணுக்காலில் தளர விட்டுச் சுற்றிக்கொண்டார். மறுநாள் பாதம் பூரி மாதிரி உப்பிவிட்டது.

வேண்டியது நேர் தலைகீழ். கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம், முட்டியை நெருங்கும்போது அதில் ஏறக்குறைய பாதி. இதற்குத் துணியைக் கூட்டிக் குறைத்து இழுக்க வேண்டியதில்லை. கால்விரல் அடியில் தொடங்கி, ஒரே சீரான இழுப்பில், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி ஏறினால் போதும். கணுக்கால் ஒல்லி, ஆடுசதை பருமன். அதனால் மேலே அழுத்தம் தானாகக் குறையும். ஒரே இழுப்பில் பருமன் கூடினால் அழுத்தம் குறையும் என்கிற லாப்லாஸ் விதி இங்கே நமக்காக வேலை செய்கிறது. நடக்கும்போது ஆடுசதை இந்தக் கட்டின் மீது அழுந்தி, தேங்கின ரத்தத்தை மேலே தள்ளும்.

ஆகவே, அழுத்தம் படிப்படியாகக் குறைவதால், என் பரிந்துரை ‘படியழுத்தக் கட்டு’. வெறும் ‘அழுத்தக் கட்டு’ போதாதா என்றால், ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் கட்டையும் அப்படித்தான் சொல்கிறோம். புதுச்சேரி நண்பர் ‘கால்கட்டு’ என்றார். மாஸ்டருக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிறது, ஐயா!

அப்புறம், சிரைப்புண்ணுக்கு ‘நரம்புப் புண்’ என்ற பெயரும் வேண்டாம். வெரிகோஸை (காலில் சிரை புடைத்துச் சுருள்வதை) ஊரில் ‘நரம்பு சுருட்டல்’ என்பார்கள், சரி. ஆனால் சர்க்கரை நோயில் கால் மரத்துப்போய் வரும் புண்ணோடு குழம்பிவிடும். பாடநூலில் இருக்கும் சிரை, தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) இரண்டு சொல்லையும் விடக்கூடாது. தமனி அடைத்த காலுக்கு இந்தக் கட்டே ஆபத்து. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து 0.8-க்குக் கீழே வந்தால், டாக்டரைக் கேட்காமல் முழு அழுத்தத்தில் சுற்ற மாட்டோம்.

ஒரு சிக்கல். போன வாரம் வார்டில் ‘படியழுத்தக் கட்டு’ என்று சொல்லிப் பார்த்தேன். மாலைக்குள் எல்லோரும் அதைப் ‘படிக்கட்டு’ ஆக்கிவிட்டார்கள். இதற்கு நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.