அடைமழைக்கு எந்த ருது?

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. மழை பிடித்தால் முட்டியும் பிடித்துக்கொள்ளும், பசியும் மந்தம்.

ஆயுர்வேத ருதுசரியையை (ருது என்றால் பருவம்; பருவத்துக்கேற்ற உணவு, பழக்க முறை) படித்துக் குழம்பிவிட்டேன். அதில் வர்ஷ ருது, அதாவது மழைப் பருவம், ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. வாதம் சீறும், சூடாகச் சாப்பிடு, புளிப்பும் உப்பும் சேர், காய்ச்சிய நீர் குடி, பகலில் தூங்காதே. சரி. ஆனால் நமக்கு அடைமழை ஐப்பசி, கார்த்திகையில்தானே? அந்தக் கணக்கில் ஐப்பசி சரத் ருது, மழைக்கு அடுத்த பருவம். பித்தம் தணியக் கசப்பும் குளிர்ச்சியும் சொல்கிறார்கள். வாசலில் கணுக்கால் தண்ணீர் நிற்கும்போது குளிர்ச்சியா!

மாதத்தைப் பார்ப்பதா, மழையைப் பார்ப்பதா? அப்புறம், திரிகடுகம் (சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடி) வாங்கிவைத்திருக்கிறேன். அம்மா பிரஷர் மாத்திரை போடுவதால் டப்பாவைத் திறக்கவில்லை. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் நிதானமாகக் கேட்டுச் சொல்லும் ஆயுர்வேத மருத்துவர் யாராவது தெரியுமா?