மாடலுக்கும் ஃபிரேம் ஆஃப் ரெஃபரன்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

மார்த்தாண்டம்_மாணவி:
ஆக்குபேஷனல் தெரபி (நோயோ காயமோ வந்தவர்கள் அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்ய உதவும் சிகிச்சை) இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அதில் வரும் மோஹோ, பி.இ.ஓ., பயோமெக்கானிக்கல் என்ற அணுகுமுறைகளையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன், ஆனால் வார்டில் நோயாளி முன்னால் நின்றால் எதை எடுப்பதென்றே தெரியவில்லை. நம்ம ஊர் உதாரணத்தோடு யாராவது சொல்லுங்களேன்.

குலசேகரம்_தெரபிஸ்ட்:
தங்கச்சி, ரப்பர் பால் வெட்டுகிறவர் ஒருவர் சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து வருகிறார் என்று வைத்துக்கொள். கட்டுப் பிரித்த பிறகு எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடி எவ்வளவு வலுவாக இருக்கிறது, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அளந்து அதைக் கூட்டப் பார்ப்பது பயோமெக்கானிக்கல். அது ஃபிரேம் ஆஃப் ரெஃபரன்ஸ், அந்தக் கைக்கு என்ன செய்வது என்று சொல்லும். மாடல் அதற்கு முன்னால் வரும், யாரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று காட்டும். பி.இ.ஓ. என்றால் ஆள், சூழல், செயல் மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்ற கணக்கு. விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, ஈரச் சரிவில் நின்று, மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். இதைக் கேட்காமல் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் பாதி வேலைதான் ஆகும். கத்திப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குவதும் சிகிச்சைதான்.

குளச்சல்_கடற்கரை:
அண்ணன் சொன்னது சரி, ஒன்று சேர்க்கிறேன். என் அப்பா கடல் தொழில், பக்கவாதத்தில் வலக்கை விறைத்துவிட்டது. அங்கே கோளாறு மூளையின் கட்டுப்பாட்டில் என்பதால் பயோமெக்கானிக்கல் மட்டும் போதாது, அசைவுகளை மூளைக்கு மறுபடி பழக்கும் பொபாத் போன்ற வழிகள் வரும். ஆஸ்பத்திரியில் தினமும் பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கச் சொன்னார்கள், அவர் வெறுத்துப்போய்க் கையைத் தூக்கவே மாட்டேன் என்றார். வீட்டில் கிழிந்த வலையை மடியில் போட்டோம். இடக்கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டே, யாரும் சொல்லாமல், வலக்கையால் வலையை அழுத்திப் பிடித்தார்! 1980இல் வந்த மோஹோ என்ற மாடலில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கீல்ஹாஃப்னர் விருப்பம், பழக்கம், செயல்திறன் என்று சொல்வதில் விருப்பம் ஏன் முதலில் நிற்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நாகர்கோவில்_சீனியர்:
ஆக்குபேஷனல் தெரபியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டனே நோயாளியாக இருந்தவர்தான். கட்டிடக் கலைஞர், காசநோய், அப்புறம் இடப்பக்கம் செயலிழந்தது. 1917இல் இதற்கான முதல் சங்கம் கூடியது நியூயார்க் மாநிலத்தில், கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில், அவர் இடத்தில்தான்.

மார்த்தாண்டம்_மாணவி:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். திங்கட்கிழமை கயிறு திரிக்கிற ஒரு அம்மாவைப் பார்க்க வேண்டும். மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை வெளியே எடுக்குமுன் அவர் நாள் முழுக்க என்னென்ன செய்வார் என்று கேட்கப் போகிறேன்.