டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு அணையவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம். பிஎஸ்6 டீசல் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். மழையில் வழுக்கும் ஏற்றத்திலும் 4 லோவில் (நான்கு சக்கரத்துக்கும் இழுவை கூட்டும் மெதுவான கியர்) போட்டால் மூட்டையோடு ஆடு மாதிரி ஏறிவிடும், அதில் குறையே இல்லை.

சிக்கல் என்னவென்றால், தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர்தான் ஓட்டம். சைலன்சர் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறோம். ஃபில்டரில் கரி சேர்ந்து விளக்கு எரியும். வத்தலக்குண்டு இறங்கி, தேனி ரோட்டில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால் அணைந்துவிடும். இந்த முறை அணையவில்லை. டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, டீசல் வாடை வேறு.

சர்வீஸில் ஃபில்டரையே மாற்றச் சொல்கிறார்கள். ஸ்கேனர் போட்டு, நின்ற இடத்திலேயே கரியை எரிக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஆயிலை அதற்கு முன்பு மாற்றுவதா, பிறகா? கழற்றி எறி என்று மட்டும் சொல்லாதீர்கள், ப்ளீஸ்.