சக்கரம் கழன்ற விமானம்: புல்லா, ஓடுபாதையா?

பழைய புஷ்பக்: 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பெவர்லியில் 17 வயது மாணவி முதன்முறையாகத் தனியே பறந்தார். மேலெழும்பும்போதே பைப்பர் பிஏ-28 விமானத்தின் வலது சக்கரம் கழன்று விழுந்தது. பயிற்றுநர் வானொலியில் சொல்லச் சொல்லப் பத்திரமாக ஓடுபாதையில் இறக்கினார். அதை 'பாடநூலில் உள்ளபடியான தரையிறக்கம்' என்று நேற்று ஒரு மேதை இங்கே எழுதியிருக்கிறார். எந்தப் பாடநூல்? புல்லில் இறக்கியிருக்க வேண்டும்.

வால்காற்று: அந்த மேதை நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம் ஐயா. சக்கரமில்லாத கால் புல்தரையில் குத்தினால் விமானம் சுழன்றுவிடும். தார்ப்பரப்பில் வழுக்கிக்கொண்டு போகும்.

பழைய புஷ்பக்: வழுக்கும்போது தீப்பொறி பறக்குமே? பிஏ-28க்கு எரிபொருள் தொட்டி எங்கே? தாழ்ந்த இறக்கைக்குள். புல்தான் சரி. கடைசியில் அந்த விமானம் எங்கே போய் நின்றது? ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில்! விமானத்துக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

செஸ்னா மாணவன்: இதை விபத்து என்பதா, சம்பவம் என்பதா?

வால்காற்று: வேகம் அடங்கிய பிறகு புல்லுக்குள் நழுவுவதும், இறங்கும் வேகத்திலேயே புல்லைத் தொடுவதும் ஒன்றா?

பழைய புஷ்பக்: புல்தரையில் புஷ்பக் என்ற சிறு விமானத்தை ஓட்டிப் பழகியவனிடம் பாடம் நடத்தாதீர்கள்.

மேகமூட்டம்: புஷ்பக்குக்கு இறக்கை மேலே, மூன்றாவது சக்கரம் வாலில். இதற்கும் அதற்கும் என்ன உறவு? தவிர, இங்கே முக்கியம் தரை அல்ல. இடது சக்கரத்தை முதலில் தொடவிட்டு, வலது இறக்கையை முடிந்தவரை தூக்கிப் பிடிக்க வேண்டும். வேகம் குறையக் குறைய அந்தப் பிடி தளரும், இறக்கை விழும், விமானம் அந்தப் பக்கம் இழுக்கும். அதனால்தான் புல்லுக்குப் போயிருக்கும்.

பழைய புஷ்பக்: 'புல்லுக்குப் போயிருக்கும்.' நன்றி, நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மேகமூட்டம்: நான் அப்படியா சொன்னேன்?

பழைய புஷ்பக்: மூக்குச் சக்கரம் முதலில் தொட்டாலும் கெடுதல் இல்லை என்று போன மாதம் எழுதியவர் நீங்கள்தானே? அப்படித் தொட்டால் விமானம் குதிக்கும். பயந்து மூக்கை அழுத்தினால் இன்னும் குதிக்கும், விசிறி தரையில் அடிக்கும். அதையே அறியாதவர் இறக்கையைப் பற்றிப் பேசுகிறார்.

மேகமூட்டம்: அதை எழுதியது வால்காற்று.

வால்காற்று: என்னை ஏன் இழுக்கிறீர்கள்? நான் எழுதியது மென்மையாகத் தொட்டால் என்று. முழு வரியையும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

செஸ்னா மாணவன்: விபத்தா, சம்பவமா என்று கேட்டேனே?

பழைய புஷ்பக்: தம்பி, முதலில் புல்லை முடித்துக்கொள்கிறோம். வால்காற்று, அந்த முழு வரியையும் இங்கே எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.